முடிச்சிட்டேன் டீச்சர், இனி என்ன செய்ய?

போன மாதம் பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் குமரி மாவட்டத்திலிருந்து பலர், 'முந்தி ஓடுகிற பிள்ளையை என்ன செய்வது, அதையும் எழுதுங்கள் டீச்சர்' என்று கேட்டிருக்கிறீர்கள். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் 33 வருடம் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவள் நான், என் ஊர்க்காரர்கள் கேட்டு எழுதாமல் இருப்பேனா? அதனால் இந்த மாதம் முழுக்க இதே விஷயம்தான்.

*

என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு, உதவிபெறும் பள்ளி. டீச்சர் போர்டில் கணக்கை எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுகிறாள். அதன்பிறகு பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை எடுப்பது, பேசுவது, எழுந்து நடப்பது என்று சேட்டை. டைரியில் தினமும் புகார் வருகிறது. என் மாமியார், 'உங்க மாமாவை அந்தக் காலத்துல மூணுலேருந்து நேரா அஞ்சுக்கு தூக்கிப் போட்டாங்க, இவளையும் நாலுல போடச் சொல்லு' என்கிறார். டபுள் புரமோஷன் கேட்கலாமா? இப்போது காலையில் 'வயிறு வலிக்கு, பள்ளிக்கூடம் போகல' என்று அழ ஆரம்பித்திருக்கிறாள், அதுதான் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், மார்த்தாண்டம்

முதலில் வயிற்று வலி. அதை நடிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள், ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். உடம்பில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாலும் வலி பொய்யாகிவிடாது. தெரிந்த கணக்கையே நாற்பது தடவை போட்டுக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று நினைத்தால் நமக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். சனி ஞாயிறில் வலி வருகிறதா, லீவு முடிகிற ராத்திரி வருகிறதா, எந்தப் பாடம் இருக்கிற நாளில் வருகிறது என்று இரண்டு வாரம் காலண்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள். பள்ளியில் பேசும்போது அந்தக் குறிப்பு உதவும். யாராவது அவளைக் கேலி செய்கிறார்களா, அடி விழுகிறதா என்பதையும் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள், சலிப்பு ஒன்றுதான் காரணம் என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்தது டபுள் புரமோஷன். உங்கள் மாமியார் சொல்வது உண்மைதான், ஒரு காலத்தில் தலைமையாசிரியர் பார்த்து, 'இவன் கெட்டிக்காரன், மேல போகட்டும்' என்று தூக்கிப் போட்டதுண்டு. அப்படிப் போனவர்களில் நன்றாக வந்தவர்கள் இருக்கிறார்கள். வெளிநாடுகளில் செய்த ஆய்வுகளும், ரொம்பவே முன்னால் நிற்கிற பிள்ளையை நன்றாகப் பரிசோதித்து, அதுவும் விரும்பினால் மேல் வகுப்பில் போடுவதால் கெடுதல் இல்லை என்றுதான் சொல்கின்றன. ஆனால் அங்கே எதையெதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை. கை எழுதுகிற வேகம், கூட்டாளிகளோடு பழகுவது, தோற்றால் தாங்குகிற பக்குவம், பிள்ளையின் சம்மதம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். நம் ஊரில் மாமியார் சொன்னார், பெரிய டீச்சர் தலையாட்டினார், அவ்வளவில் முடிந்துவிடுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பள்ளியில் ஒரு பெண்பிள்ளையை இரண்டிலிருந்து நாலுக்கு அனுப்பினோம். பாடத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு இன்றும் மனதில் நிற்பது விளையாட்டுப் பீரியட்தான். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் 'நீ சின்னப் பிள்ளை' என்று சேர்க்க மாட்டார்கள், பழைய கூட்டாளிகளோ 'நீ பெரிய கிளாஸ்' என்று விலகிப் போவார்கள், அவள் வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் தனியாக நின்றுகொண்டிருப்பாள். வருடம் முழுக்க அப்படி நின்றாள். அவளை அனுப்பலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அதன்பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு முழு வகுப்பைத் தாண்டச் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

உங்கள் மகள் வயதில் இதைப் புரிந்துகொள்வது ரொம்ப முக்கியம். இப்படிப்பட்ட பிள்ளைக்குப் புத்தி பத்து வயதாக இருக்கும், கை ஏழு வயதுக்குத்தான் எழுதும், அழுகை நாலு வயதுப் பிள்ளையின் அழுகையாக இருக்கும். மூன்றும் ஒரே உடம்பில் இருக்கிறது. எந்த வகுப்பில் உட்கார வைத்தாலும் ஏதோ ஒன்று பொருந்தாது. அதனால் அவளை வகுப்பை விட்டு நகர்த்தாமல் பாடத்தை நகர்த்தப் பார்க்கலாம். கணக்குப் பீரியடுக்கு மட்டும் மூன்றாம் வகுப்பிலோ நாலிலோ போய் உட்கார்ந்துவிட்டு, மற்ற நேரம் தன் வயதுப் பிள்ளைகளோடு இருக்கலாம். நான் பிறகு ஒரு பையனுக்கு இப்படித்தான் செய்தேன். ஒரே ஹாலில் கரும்பலகையைக் குறுக்கே வைத்து இரண்டு வகுப்பாகப் பிரித்திருந்த பள்ளி அது, பலகைக்கு அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்ப வருவான். இதற்கு யாருடைய உத்தரவும் தேவைப்படவில்லை, இரண்டு டீச்சர்கள் பேசி கால அட்டவணையைப் பொருத்திக்கொண்டோம்.

பள்ளிக்குப் போகும்போது 'என் பிள்ளை ரொம்ப புத்திசாலி, நீங்கள் அவளைக் கெடுக்கிறீர்கள்' என்ற தொனியில் போகாதீர்கள். அந்த டீச்சருக்கு முப்பது பிள்ளைகள் இருக்கும், அதில் எழுத்துக் கூட்டத் தெரியாத பத்துப் பிள்ளைகள் இருக்கும். வீட்டில் அவளாகப் போட்ட கணக்கு, அவளாக எழுதிய கதை, அவள் கேட்ட கேள்விகள், ஒரு மாதத்தில் சேர்ந்ததை ஒரு நோட்டில் ஒட்டி எடுத்துக்கொண்டு போங்கள். காட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'இவள் வேலையை முடித்துவிட்டால் அடுத்து என்ன செய்யலாம் என்று அவளிடம் சொல்லி வைப்பீர்களா டீச்சர்?' இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் ஆசிரியர் கணித்து, தேவைப்பட்டால் அதற்கேற்பக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்கிறது. பொதுவாக எல்லோரும் அதைப் பின்தங்கும் பிள்ளைக்கு என்றே வாசிக்கிறார்கள், சட்டத்தில் 'ஒவ்வொரு பிள்ளையும்' என்றுதான் இருக்கிறது. 29ஆம் பிரிவும் பிள்ளையின் அறிவையும் ஆற்றலையும் திறமையையும் வளர்ப்பதைப் பாடத்திட்டத்தின் கடமையாக வைத்திருக்கிறது. எடுத்த எடுப்பில் டீச்சரிடம் சட்டம் பேச வேண்டாம், பலமுறை கேட்டும் நடக்கவில்லை என்றால் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் சொல்லுங்கள்.

வீட்டில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி முன்கூட்டியே நடத்திவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த வருடமும் இதே சலிப்பு, இதே வயிற்று வலி. மேலே ஏற்றாமல் அகலமாகக் கொண்டுபோங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போங்கள். வள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி. பீடம் மட்டும் 38 அடி, சிலை 95 அடி. ஏன் 38 என்று கேளுங்கள், அறத்துப்பாலில் எத்தனை அதிகாரம் என்று அவளே தேடட்டும். 95 எப்படி வந்தது என்று பொருட்பாலையும் காமத்துப்பாலையும் எண்ணிக் கூட்டட்டும், 70ம் 25ம் கிடைக்கும். பிறகு அவள் உயரத்தை அளந்து பாருங்கள். நாலு அடி என்றால், அவளைப் போல எத்தனை பேர் ஒருவர் தலைமேல் ஒருவர் நின்றால் 133 அடி வரும்? 33 பேர் நின்ற பிறகும் ஓர் அடி மிச்சம் இருக்கும், அந்த ஓர் அடியை என்ன செய்வது என்று அவள் யோசிக்கிற அழகைப் பாருங்கள். வகுத்தலும் மீதியும் எந்த வகுப்பில் வரும் என்ற பேச்சே அங்கே எழாது.

*

ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி நான். மகன் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. பேப்பரை எழுத்துக் கூட்டாமல் சரளமாக வாசிக்கிறான். ஷீட் விற்கப் போகும்போது கடைக்காரர் கால்குலேட்டரில் தட்டும் முன் தொகையைச் சொல்கிறான், ஒட்டுப்பால் விலையும் அவனுக்கு மனப்பாடம். எல்லோரும் 'இவனை நாகர்கோவிலில் பெரிய இங்கிலீஷ் ஸ்கூலில் சேர், இங்கே வீணாப் போவான்' என்கிறார்கள். கடன் வாங்கிச் சேர்க்கலாமா?
— ஒரு தந்தை, குலசேகரம்

தம்பி, கடன் வாங்க வேண்டாம். குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வேனில் ஊரெல்லாம் சுற்றிப் போய் வர ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். ஆறு வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் வாசிப்பான், தூங்குவான், ஓடையில் மீன் பார்ப்பான், உங்களோடு தோட்டத்துக்கு வந்து மரத்தை எண்ணுவான். ஃபீஸ் கட்டுகிற பள்ளியில் வேகமான பிள்ளைக்கு வேறு பாடம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். அங்கேயும் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே ஒர்க்ஷீட், ஒரே ஹோம்வொர்க்தான், கொஞ்சம் அதிகமாக இருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் மகன் படிக்கிற அரசுப் பள்ளியில் இவனுக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்து வேலை கொடுக்கிறார்கள். கொரோனா காலத்தில் விட்டுப்போனதை மீட்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் ஒரே வகுப்பறையில் வெவ்வேறு நிலைக்கு வெவ்வேறு வேலை என்ற வழி அதில் திறந்திருக்கிறது. 'இவனுக்கு மொட்டு, மலர் நிலைச் செயல்பாடுகளைக் கொடுத்துப் பார்ப்பீர்களா' என்று டீச்சரிடம் கேளுங்கள். வாசிப்பு இயக்கத்தில் அரசுப் பள்ளிகளுக்கு வந்த சின்னச் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையில் இருக்கும். பெரிய பிள்ளைகளுக்கு என்று பீரோவில் வைத்திருந்தால் இவனுக்கும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பேப்பர் வாசிக்கிறவன் 'பற'விலேயே தொடங்கலாம்.

தமிழ்வழியில் படிப்பதால் வீணாகப் போவான் என்று சொல்கிறவர்களிடம் நம் மாவட்டத்தையே காட்டுங்கள். 2018இல் இஸ்ரோவின் தலைவரான கே. சிவன் சரக்கல்விளைக்காரர், 2025இல் அந்தப் பொறுப்புக்கு வந்த வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். இரண்டு பேருமே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ்வழியில் தொடங்கியவர்கள். பள்ளி மட்டுமே அவர்களை உருவாக்கியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆறு வயதில் வேன் பிடிக்கவில்லை என்றால் எல்லாம் போச்சு என்ற பயம் வேண்டாம், அதைத்தான் சொல்கிறேன். இங்கிலீஷைப் பிறகு கற்றுக்கொள்ளலாம், வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது பெரிய மலை இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவன் உங்களுக்குத் தெரியாததைக் கேட்பான். ரப்பர் பால் ஏன் ஆசிட் விட்டால் உறைகிறது, ஏன் விடியும் முன் வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் ஏன் பால் குறைகிறது. தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை 'எனக்குத் தெரியல மக்கா, நாம கேட்டுப் பாப்போம்' என்று சொல்லி, சிலேட்டில் எழுதி வையுங்கள், டீச்சரிடமோ நூலகத்திலோ தேடலாம். அப்பாவுக்குத் தெரியாத விஷயமும் உலகத்தில் இருக்கிறது, அதைத் தேடிப் போகலாம் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவது பெரிய காரியம்.

*

நான் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மூன்று, நாலு, ஐந்து மூன்று வகுப்பும் என்னிடம். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், எதைக் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு 'எளுப்பமா இருக்கு டீச்சர்' என்று வந்து நிற்கிறான். அவனைக் குட்டி டீச்சராக்கி மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறேன். இது சரியா? தனியாகப் பாடம் தயாரிக்க எனக்கு நேரமே இல்லை.
— ஓர் ஆசிரியை, திங்கள்நகர் அருகே

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன், மூன்று வகுப்பை ஒருத்தி சுமப்பது என்னவென்று எனக்குத் தெரியும். அவனைப் பற்றி யோசித்து எழுதினீர்களே, அதுவே பெரிது.

குட்டி டீச்சர் வேலை வாரத்தில் ஒருநாள், இரண்டுநாள் என்றால் நல்லதுதான், சொல்லிக்கொடுக்கும்போது அவனுக்கும் தெளியும். தினமும் அதுவே என்றால் அவன் பள்ளிக்கு வந்து புதிதாக எதையும் கற்காமல் வீட்டுக்குப் போகிறான். மற்றப் பிள்ளைகளும் அவன் மேல் எரிச்சல் படுவார்கள், கூட்டாளி இல்லாமல் போய்விடுவான். அவனும் பள்ளிக்குப் படிக்க வந்த பிள்ளைதான் டீச்சர்.

நேரம் கேட்காத ஒரு வழி இருக்கிறது, நான் பல வருடம் செய்தது. பயிற்சியில் இருபது கணக்கு இருந்தால் பெரும்பாலும் கடைசி ஐந்துதான் கடினமாக இருக்கும். 'யார் வேண்டுமானாலும் கடைசி ஐந்தை முதலில் போடலாம், ஐந்தும் சரியென்றால் மீதி பதினைந்து போட வேண்டாம்' என்று வகுப்புக்கே பொதுவாகச் சொல்லிவிடுங்கள். அவன் பெயரைச் சொல்லாதீர்கள், எல்லோருக்கும் திறந்து வையுங்கள். நீங்கள் எதிர்பார்க்காத ஓரிரு பிள்ளைகளும் கையைத் தூக்குவார்கள், என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளையை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

மிச்சமாகிற நேரத்துக்கு இன்னும் பதினைந்து கணக்கைக் கொடுத்துவிடாதீர்கள். வேகமாக முடித்தால் வேலை கூடும் என்று தெரிந்தால் அடுத்த வாரமே மெதுவாகப் போட ஆரம்பித்துவிடுவான், பிள்ளைகள் இதில் ரொம்ப கெட்டி. ஒரு காலி டப்பாவை எடுத்து, சீக்கிரம் விடை வராத கேள்விகளைச் சீட்டில் எழுதிப் போட்டு வையுங்கள். நம்மைச் சுற்றியே கேள்வி கிடக்கிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு 28 தூண், தூணுக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி எத்தனை? 28 என்று சட்டென்று சொல்லுவான், கோடு போட்டுப் பார்க்கும்போதுதான் 27 என்று தெரியும், அந்த நிமிடம் அவன் முகத்தைப் பாருங்கள். ஒரு சீப்பு மட்டிப்பழத்தை நாலு பேருக்கும் சமமாகப் பங்கு வைத்தால் மூன்று மிச்சம், ஐந்து பேருக்கு வைத்தாலும் மூன்று மிச்சம், இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில் என்றால் எத்தனை பழம்? தேரூர் குளத்துக்கு எந்த மாதம் எந்தப் பறவை வருகிறது, ஏன் வருகிறது? இதெல்லாம் ஒருநாளில் முடிகிற வேலை இல்லை, அதுதான் நமக்கு வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் டப்பாவில் சீட்டு எழுதிப் போடச் சொல்லுங்கள், உங்கள் வேலை குறையும்.

செயல்வழிக் கற்றல் நடந்த வருடங்கள் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஏணிப்படி அட்டவணை, அட்டைகள், ஒரு படி முடித்தவன் அடுத்த படிக்குத் தானாகப் போகலாம். 2007இல் மாநிலம் முழுக்க வந்தது. அதில் குறைகள் இருந்தன, அட்டை கிழிந்தால் மாற்று வராது, பெற்றோருக்குப் புரியாது. ஆனாலும் வேகமான பிள்ளையை யாரும் 'நில்லு' என்று சொல்லவில்லை. அந்தப் பழைய அட்டைகள் ஏதாவது உங்கள் பள்ளிப் பீரோவில் கிடந்தால் தூசு தட்டி எடுங்கள், நாலாம் வகுப்பு அட்டைகள் இவனுக்கு அப்படியே உதவும்.

வட்டார வள மையத்துக் கூட்டத்திலும், தேரூரில் இருக்கிற மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனத்தில் பயிற்சிக்குப் போகும்போதும் இந்தக் கேள்வியை எழுந்து கேளுங்கள். மெல்லக் கற்போர் என்று ஒரு பட்டியல் எடுக்கச் சொல்கிறார்கள், அதற்குப் பயிற்சி இருக்கிறது, படிவம் இருக்கிறது. முந்திக் கற்கும் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் என் சர்வீஸ் முழுக்க என் கைக்கு வரவில்லை. கேட்கிற குரல் கூடினால்தான் வரும்.

*

எங்கள் ஊரில் ஒரு சென்டரில் 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்று சொல்லிக் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறார்கள். ஐ.க்யூ. டெஸ்டும் எடுக்கிறார்களாம். ஆறு வயது மகளைச் சேர்க்கலாமா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

சேர்க்காதீர்கள். கட்டுத் துணிக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியாகப் பிள்ளை கீழே பார்க்கிறது, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பார்க்கவில்லை என்று சொல்லப் பிள்ளையைப் பழக்குகிறார்கள், எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. பணம் போனால் போகட்டும், ஆறு வயதில் பொய்யைத் திறமை என்று நம்ப வைப்பதை எப்படி ஏற்பது?

ஐ.க்யூ. பரிசோதனை வேறு விஷயம், அது முறையானது. 1905இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினே என்பவர் முதலில் அதை உருவாக்கியதே பள்ளியில் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். சராசரி 100 என்று வைத்துக்கொள்கிறார்கள், 130க்கு மேல் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் வருவார்கள். பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு, விளையாடி, சந்தோஷமாகப் பள்ளிக்குப் போகிறது என்றால் அந்த எண் உங்களுக்கு எதற்கு? வாய்ப்பேச்சில் பத்து வயதுக்காரி மாதிரி இருக்கிறாள், எழுதச் சொன்னால் மட்டும் எழுத்து முன்பின்னாகிறது என்பது போல ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தால்தான் பரிசோதனை அவசியம், அப்போதும் தகுதி பெற்ற மருத்துவ உளவியலாளரிடம், பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழியில். எண் எதுவானாலும் பிள்ளை காதில் விழ வேண்டாம், சொந்தக்காரர் காதிலும் விழ வேண்டாம்.

*

பேரனுக்கு மூன்றரை வயது. கடைப் பலகை, பஸ் போர்டு எல்லாம் வாசிக்கிறான், தமிழும் இங்கிலீஷும். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, மற்றப் பிள்ளைகளோடு சேர்வதும் இல்லை. அறிவாளிகள் அப்படித்தான் இருப்பார்கள் என்கிறார்கள்.
— ஒரு பாட்டி, கருங்கல்

அப்படிச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம் அம்மா. வாசிப்பது நிஜமான திறமையாகவே இருக்கட்டும், கூப்பிட்டால் திரும்பாததைத் தனியாகப் பார்க்க வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கட்டும், பிறகு வளர்ச்சியைப் பரிசோதிக்கட்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்க் குழந்தைகள் பிரிவில் நீங்கள் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். இந்த வயதில் பயிற்சி தொடங்கினால் நல்ல பலன் இருக்கும். இந்த மாதமே போங்கள்.

*

மகள் ஐந்தாம் வகுப்பு, நன்றாகப் படிக்கிறாள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். நவோதயாவில் சேர்க்கலாம் என்றார்கள். அரசாங்கத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வேறு என்ன இருக்கிறது?
— ஒரு தாய், குளச்சல் அருகே

நவோதயா என்பது மத்திய அரசு நடத்துகிற விடுதிப் பள்ளி, தமிழ்நாட்டில் அது கிடையாது, அதை விட்டுவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்துதான் கதவு ஒவ்வொன்றாகத் திறக்கும். அரசு நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தால் ஆறு முதல் எட்டு வரை வானவில் மன்றம் இருக்கிறது, அறிவியலும் கணக்கும் செய்து பார்த்துக் கற்கலாம். பிள்ளைகளின் புது அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு தருகிற இன்ஸ்பயர் விருதுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே பள்ளி வழியாகத் தன் யோசனையை அனுப்பலாம், தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் வரும். முக்கியமானது எட்டாம் வகுப்பில் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். தேர்வு, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தருகிற தேர்வு. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, குடும்ப வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். யோசிக்கும் திறனையும் பாட அறிவையும் பார்க்கிற தேர்வு அது, ஏழாம் வகுப்பிலேயே பழைய வினாத்தாள்களை வாங்கிப் பழகட்டும். ஒன்பதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு, மாவட்ட மாதிரிப் பள்ளியில் சேரவும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து வழி இருக்கிறது.

பட்டியல் நீளமாக இருக்கிறது, ஆனால் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அதில் ஒன்றுமே இல்லை பாருங்கள். என் மனக்குறையே அதுதான். சின்ன வயதிலேயே சலித்துப்போய் 'எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கல' என்று ஒதுங்கிவிட்ட பிள்ளை எட்டாம் வகுப்பில் எந்தத் தேர்வை எழுதும்? அதனால் இந்த வருடம் அவள் கையில் புத்தகம் இருக்கட்டும். ஊர்க் கிளை நூலகத்தில் அவள் பெயரிலேயே உறுப்பினர் அட்டை போடுங்கள். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கல்வித் துறை போடுகிற ஊஞ்சல் இதழும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழும் அவளுக்குப் பிடிக்கும். இன்னொன்று, அவள் அப்பாவிடம் சொல்லுங்கள், காற்று மாறுவதை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார், கரை தெரியாத இடத்தில் வள்ளத்தை எப்படித் திருப்புகிறார், எந்த மாதம் எந்த மீன் என்று அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, அவள் அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதட்டும். ஒரு புத்தகத்திலும் இல்லாத பாடம் அவள் வீட்டிலேயே இருக்கிறது.

*

பேரனுக்கு எட்டு வயது. வகுப்பில் எப்போதும் முதல். போன வாரம் பத்துக்கு ஒன்பது வாங்கியதற்குச் சாப்பிடாமல் அழுதான், பேப்பரைக் கிழித்துப் போட்டான். தெரியாத விளையாட்டு என்றால் தொடவே மாட்டான். இவ்வளவு அறிவுள்ள பையன் ஏன் இப்படி?
— ஒரு தாத்தா, பூதப்பாண்டி

அவனை எல்லோரும் எப்படிப் பாராட்டுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள் ஐயா. கல்யாண வீட்டில் நிற்க வைத்துப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்வதும், 'இவன் மூளையே மூளை' என்று கன்னத்தைக் கிள்ளுவதும் நடக்கிறதா? 1998இல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சில புதிர்களைப் போட்டு முடித்ததும் சிலரிடம் 'நீ கெட்டிக்காரன்' என்றார்கள், சிலரிடம் 'நன்றாக உழைத்தாய்' என்றார்கள். கெட்டிக்காரன் என்று கேட்ட பிள்ளைகளில் அதிகம் பேர் அடுத்துச் சுலபமானதையே கேட்டார்கள், கடினமானதில் தோற்ற பிறகு முன்பு போட்டதையும் சரியாகப் போட முடியாமல் தடுமாறினார்கள். உழைத்தாய் என்று கேட்டவர்கள் கடினமானதைக் கேட்டார்கள். பேரன் விஷயமும் இதுதான். கெட்டிக்காரன் என்ற பேர் போய்விடுமே என்று அந்த எட்டு வயது நெஞ்சு பயப்படுகிறது.

அழும்போது 'ஒரு மார்க்தானே' என்று சொல்லாதீர்கள், அவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அழுது முடிக்கட்டும். மறுநாள் அந்தப் பேப்பரை ஒட்டி, தவறிப்போன ஒன்றை எப்படி யோசித்தான் என்று மட்டும் கேளுங்கள். வாய்ப்பாடு ஒப்பிக்கிற கச்சேரியை இன்றோடு நிறுத்திவிடுங்கள், சொந்தக்காரர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

அப்புறம், உடனே ஜெயிக்க முடியாத ஒன்று அவனுக்கு வேண்டும். குளத்தில் நீச்சல் பழக்கலாம், அங்கே மூளையை வைத்து மிதக்க முடியாது. சாயங்காலம் திண்ணையில் கட்டம் வரைந்து அவனோடு ஆடுபுலி ஆட்டம் ஆடுங்கள். முதல் பத்து ஆட்டம் தோற்பான், காயைத் தட்டிவிட்டு எழுந்து போவான், போகட்டும், கட்டத்தை அழிக்காமல் அப்படியே விட்டு வையுங்கள், திரும்ப வருவான். அவன் முகம் வாடுகிறது என்று நீங்கள் மட்டும் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்துத் தோற்றுவிடாதீர்கள், அவன் கண்டுபிடித்துவிடுவான். நிஜமாகவே உங்கள் புலியை அவன் ஆடு மடக்குகிற நாளில் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.